தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயும் அரசு உதவித்தொகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டத்தில் பீடி சுற்றும் ஊர்கள் நிறைந்த ஒரு தாலுகாவில், பெண்களுக்கு மனு எழுதிக்கொடுக்கும் வேலையைப் பதினான்கு வருஷமாகச் செய்துவருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் கணவர் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள். அவர்கள் கேட்பதையும், அவர்களைப் பற்றி மற்றவர்கள் என்னிடம் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். இதில் உள்ள விதிகள் தமிழ்நாட்டுக்கானவை.

எந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

தாய் மட்டும் சம்பாதித்துப் பிள்ளைகளை வளர்க்கிற, மாதாமாதம் அரசு போடும் பணத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் அடுப்பெரியும் என்கிற குடும்பங்கள். ஊரில் இவர்களை ஒரே கூட்டமாகப் பார்ப்பார்கள். ஆனால் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒன்று, கணவர் இறந்தவர்கள். இன்னொன்று, கணவர் விட்டுப்போனவர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கைம்பெண்கள் 4.3 கோடிக்கு மேல் இருந்தார்கள். கணவரைப் பிரிந்து வாழ்வதாகச் சொன்ன பெண்கள் 23 லட்சத்துக்கு மேல். முறைப்படி விவாகரத்து ஆனவர்கள் சுமார் 9 லட்சம்தான். அதாவது, கோர்ட் காகிதத்தோடு பிரிந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் காகிதமே இல்லாமல் பிரிந்திருக்கிறார்கள். கீழே வரும் பல சிக்கல்களுக்கு வேர் இதுதான்.

இவர்களுக்கு மாதம் எவ்வளவு வருகிறது?

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1200 ரூபாய். பேச்சில் 'விதவைப் பென்ஷன்' என்பார்கள். பலர் எல்லாவற்றையும் சேர்த்து 'ஓ.ஏ.பி. பணம்', அதாவது முதியோர் பென்ஷன் பணம், என்றே சொல்வார்கள். 2011ல் 500 ரூபாயாக இருந்தது 1000 ஆனது. பன்னிரண்டு வருஷம் அப்படியே கிடந்து, 2023 ஆகஸ்டில் 1200 ஆனது.

இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 40 முதல் 79 வயது வரையிலான பெண்ணுக்கு மாதம் 300 ரூபாய் டெல்லியிலிருந்து வருகிறது. 2012ல் வைத்த தொகை இது, இன்னும் ஏறவில்லை. மீதியை மாநில அரசு போடுகிறது. 40 வயதுக்குக் கீழே உள்ள இளம் கைம்பெண்ணுக்கு அந்த 300ம் கிடையாது. முழுத்தொகையும் மாநிலத்தின் ஆதரவற்ற விதவைத் திட்டத்தில்தான் வரும். சின்னப் பிள்ளைகளோடு நிற்பவர் பெரும்பாலும் இந்த வயதுக்காரர் என்பதையும் கவனியுங்கள்.

பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து கைம்பெண்களுக்கும் தனித்த பெண்களுக்கும் மாதம் 4000 கொடுக்கிறார்கள். நம் தொகை போதுமா என்று யாராவது கேட்டால் இந்த ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

இந்தக் குடும்பங்கள் உள்ளே எப்படி இருக்கும்?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு தனி வீடு என்று மனதில் வரைந்துகொள்கிறார்கள். நான் பார்த்தவரை தனி வீடு அபூர்வம். கணவர் போனதும் பெண் தன் அம்மா வீட்டுக்குத்தான் வருகிறாள். ஒரு முன்னறை, ஒரு அடுப்படி. அதில் பாட்டி, மகள், பேரப்பிள்ளைகள், சில வீடுகளில் கல்யாணமாகாத தம்பியும். பாட்டிக்கு முதியோர் பென்ஷன் வரும். மகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். தம்பிக்குக் கல்யாணம் பேசும்போது, "அக்காவும் பிள்ளைகளும் இங்கேதான் இருப்பார்களா?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள். அதற்கடுத்த மாதமே அந்த அக்கா தெருக்கோடியில் வாடகைக்கு ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்துவிடுவார். இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணவர் இறந்த காரணத்தைக் கேட்டால் முதலில் மெதுவாக "நெஞ்சுவலி" என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேசினால் குடி, பைக் விபத்து, கட்டட வேலையில் விழுந்தது, கடன் தாங்காமல் போய்ச் சேர்ந்தது என்று வரும். விட்டுப்போனவர்களின் கதையில் வேலைக்குப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் என்பதே அதிகம். திருப்பூர், எர்ணாகுளம், மும்பை. முதல் வருஷம் பணம் வரும். இரண்டாம் வருஷம் போன் மட்டும் வரும். அப்புறம் நம்பர் மாறிவிடும்.

வேலை என்று பார்த்தால் எங்கள் பக்கம் பீடி. முந்தின நாளே இலையை நனைத்து வைத்து, வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு நானூறோடு நின்றுவிடும். கடையில் சரியில்லை என்று கழித்துப்போட்டால் அதுவும் போச்சு. பீடி இல்லாத ஊரில் நூறு நாள் வேலை, களை எடுப்பு, வீட்டு வேலை, தீப்பெட்டி ஆபீஸ். சும்மா இருக்கும் தாயை நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான். காலைச் சாப்பாடும் மதியச் சத்துணவும் அங்கேயே கிடைப்பது இந்த வீடுகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, கோடை விடுமுறையில் மளிகைக் கடைப் பற்று எகிறுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூத்தது பெண்ணாக இருந்தால் எட்டாவது ஒன்பதாவதிலேயே அடுப்படி அவள் கைக்கு வந்துவிடும். மூத்தது பையனாக இருந்தால் பத்தாவது முடித்ததும் "மேலே படிக்கட்டுமா, வேலைக்கு அனுப்பட்டுமா?" என்று தாய் என்னிடம் கேட்பார். பதில் சொல்ல மிகவும் கஷ்டமான கேள்வி அது.

கணவர் இறந்தவருக்கும் விட்டுப்போனவருக்கும் விதியில் என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆதரவற்ற விதவைத் திட்டம் 1975ல் வந்தது. 18 வயது ஆகியிருந்தால் போதும். இறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, வறுமை நிலை பற்றிய விசாரணை. இழுத்தடிப்பு உண்டு, ஆனால் வழி நேரானது.

கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான திட்டம் பதினோரு வருஷம் கழித்து, 1986ல் வந்தது. அதில் 30 வயது ஆகியிருக்க வேண்டும். அதோடு சட்டப்படி விவாகரத்து பெற்றிருக்க வேண்டும், அல்லது கோர்ட்டில் பிரிந்து வாழ்வதற்கான சான்று வாங்கியிருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும்.

இதை ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயதுப் பெண், கையில் இரண்டு வயதுக் குழந்தை, வயிற்றில் ஒன்று. கணவர் இறந்திருந்தால் அந்த மாதமே மனுப் போடலாம். கணவர் உயிரோடு எங்கோ இன்னொருத்தியோடு இருந்தால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். அது முடிந்தாலும் வயது இருபத்தேழுதான் ஆகியிருக்கும், இன்னும் மூன்று வருஷம். அவள் கைக்கு முதல் பணம் வரும்போது மூத்த பிள்ளை பத்து வயதைத் தொட்டிருக்கும். பால், தடுப்பூசிக்கான பஸ் செலவு, வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் என்று பணம் அதிகம் தேவைப்பட்ட காலம் முழுவதும் பணம் இல்லாமலே கடந்துவிடும்.

இரண்டு பெண்களின் வறுமையும் ஒன்றுதான். சாவுக்கு அரசு ஒரு காகிதம் கொடுக்கிறது. விட்டுப்போனதற்கு எந்த அலுவலகமும் தானாகக் காகிதம் கொடுப்பதில்லை. அந்தக் காகிதத்தை அவளே வருஷக்கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும். தெலங்கானாவில் 2017ல் தனித்த பெண்களுக்கு ஓய்வூதியம் கொண்டுவந்தபோது, கணவரைப் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் போதும், 18 வயது போதும் என்று வைத்தார்கள். நம் மாநிலத்தில் ஐந்து வருஷம், 30 வயது என்ற வரம்புகளைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அரசு வேலையில் முன்னுரிமை இரண்டு பேருக்கும் உண்டா?

இல்லை. நேரடி நியமனத்தில் பெண்களுக்கான 30 சதவீத ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற விதவைகளுக்கு. மாத வருமானம் எல்லாம் சேர்த்து 4000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கான சான்றைக் கோட்டாட்சியர் தருவார். பென்ஷன் ஆணையைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். விவாகரத்து ஆனவர்களும் கைவிடப்பட்டவர்களும் இந்த ஒதுக்கீட்டில் வர மாட்டார்கள். ஏழை விதவையின் மகள் திருமணத்துக்கான ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திட்டமும் பெயரில் சொல்வதைப் போலவே விதவையின் மகளுக்குத்தான்.

கைவிடப்பட்டு ஐந்து வருஷம் ஆனதை எப்படி நிரூபிப்பது?

கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து எழுதுவதை வைத்துத்தான் தனி வட்டாட்சியர் முடிவெடுப்பார். விசாரணையில் அக்கம்பக்கத்தார் சொல்வது ஒரு பக்கம். தேதி போட்ட காகிதம் இருந்தால் அது பத்துப் பேர் சாட்சிக்குச் சமம்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கான மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., மிக நல்ல ஆதாரம். புகார் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வந்தவர்கள் ஏராளம். ஜீவனாம்ச வழக்கு போட்டிருந்தால் வழக்கு எண்ணும் மனுவின் நகலும். பிள்ளையைப் பள்ளி மாற்றிச் சேர்த்ததற்கான பதிவும் உதவும், ஏனென்றால் நீங்கள் எந்த வருஷம் அம்மா ஊருக்கு வந்தீர்கள் என்பது அதில் இருக்கும். அங்கன்வாடிப் பதிவும் அப்படித்தான். போனவர் வேறு திருமணம் செய்துகொண்டதற்கான போட்டோ, அழைப்பிதழ், அந்த வீட்டுக் குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகை, இவையும் ஆதாரம்தான். கொண்டுவாருங்கள், வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கிய பிரிவுக் காகிதம் செல்லாதா?

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "இன்று முதல் இருவருக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி, நான்கு பேர் கையெழுத்துப் போட்ட காகிதம். இது கோர்ட் கொடுத்த விவாகரத்து ஆகாது. சில சமூகங்களின் வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டம் ஒதுக்கிவிடவில்லை என்றாலும், அந்த வழக்கம் இருப்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்றைக்குப் பிரிந்தீர்கள் என்பதற்கு அதில் தேதி இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே லேமினேட் செய்யாமல், மடங்காமல், பத்திரமாக வையுங்கள். லேமினேட் செய்தால் பின்னால் எதுவும் சான்றொப்பமிட முடியாது.

தாலி கழுத்தில் இருந்தால் கைவிடப்பட்டவர் இல்லை என்று ஆகிவிடுமா?

எந்த விதியிலும் அப்படி இல்லை. ஆனால் கேட்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு அக்காவோடு விசாரணைக்குப் போயிருந்தேன். மஞ்சப்பையில் எல்லாக் காகிதமும் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதத்தைத் தொடவில்லை. அக்காவின் கழுத்தைப் பார்த்து, "தாலி போட்டிருக்கீங்களே, அப்புறம் என்ன கைவிடப்பட்டவங்க?" என்றார். அந்த அக்கா அதிகாலை நாலரை பஸ்ஸில் பூ மார்க்கெட்டுக்குப் போய் வருபவர். தலை குனிந்தபடி, "இது இருந்தாத்தான் சார் அந்த நேரத்துல எவனும் வம்புக்கு வரமாட்டான்" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து, தாலிக் கயிற்றில் இருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டே இருந்தார். தங்கம் எப்போதோ அடகுக்குப் போய்விட்டது. கயிற்றில் மஞ்சள் துண்டும் ஊக்கும்தான் இருந்தன.

அந்த மனு தள்ளுபடி ஆனது. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மறுபடி கொடுத்தோம். மறு விசாரணைக்கு வேறு ஆள் வந்தார், கிடைத்தது. அதனால் சொல்கிறேன், உங்களிடம் இப்படிக் கேட்டால் "கைவிடப்பட்ட காலத்துக்கான ஆதாரம் இதில் இருக்கிறது, இதைப் பார்த்து எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். கழுத்தைப் பற்றி நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கணவர் செத்தாரா இருக்கிறாரா என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லை என்றால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. அதற்குக் கோர்ட் மூலம் உத்தரவு வாங்க வேண்டும். கணக்கு அவர் போன நாளிலிருந்து ஓடினாலும், அதற்கு அத்தாட்சி நீங்கள் போலீஸில் கொடுத்த 'ஆளைக் காணோம்' புகார்தான். எனவே, "வந்துவிடுவார்" என்ற நம்பிக்கை இருக்கும்போதே புகாரையும் கொடுத்துவிடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் மீனவர்களைக் கொண்டுபோனபோது, அந்தக் குடும்பங்களை ஏழு வருஷம் காக்க வைக்காமல் அரசு நிவாரணம் கொடுத்தது. மனது வைத்தால் விதி வளையும் என்பதற்கு அது சாட்சி. மற்றபடி, தனியாகக் காணாமல் போன கூலித்தொழிலாளியின் மனைவிக்கு அந்தச் சலுகையை யாரும் தருவதில்லை. ஐந்து வருஷம் ஆனதும் கைவிடப்பட்டோர் திட்டத்தில் மனுப் போடுவதே அவருக்கு நான் சொல்லும் வழி.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் பென்ஷனும் சேர்த்துக் கிடைக்குமா?

2023 செப்டம்பர் 15ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஓய்வூதியம் வாங்குகிற பெண்ணுக்குக் கிடையாது என்ற விதியோடு வந்தது. ஒரே வீட்டில் பாட்டி முதியோர் பென்ஷன் வாங்கினால், பென்ஷன் வாங்காத மகள் உரிமைத் தொகை கேட்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். கைம்பெண்ணும், திருமணமாகாத தனித்த பெண்ணும், திருநங்கையும் குடும்பத்தை நடத்தினால் அவர்களே குடும்பத் தலைவி என்றும் அந்தத் திட்டம் ஏற்றுக்கொண்டது. நல்ல விஷயம்.

சிக்கல் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஒரு கார்டுக்கு ஒருவர்தான். விட்டுப்போனவரின் கார்டிலேயே பெயர் இருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கார்டு மாமியார் வீட்டுப் பீரோவில். மாமியாருக்கோ நாத்தனாருக்கோ அந்த ஆயிரம் போகும். இவர் தன் அம்மாவின் கார்டில் சேரவும் முடியாது, தனிக் கார்டு வாங்கவும் முடியாது, ஏனென்றால் பழைய கார்டில் பெயர் நீக்கப்படவில்லை. இதற்கு வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, நான் இந்த முகவரியில் பிள்ளைகளோடு தனியாகச் சமைத்து வாழ்கிறேன், நேரில் வந்து பார்த்துப் பெயரை நீக்கி எனக்குத் தனி அட்டை கொடுங்கள் என்று கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் "கணவரைக் கூட்டிட்டு வா" என்பார்கள். கிடைக்காத ஒருவரைக் கூட்டி வரச் சொல்வது பதில் ஆகாது. எழுதிக்கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பிள்ளைகள் பெயரில் ஏதாவது உண்டா?

உண்டு, இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பகுதி இருக்கிறது. தாய் கைம்பெண்ணாகவோ, விவாகரத்தானவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் வரை. குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷத்துக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, வரிசை நீளம். ஆனால் இங்கே கைவிடப்பட்ட தாய்க்கு ஐந்து வருஷக் காத்திருப்பு இல்லை. அதனால்தான் பிரிந்து வந்த இளம் தாய்களை முதலில் இங்கே அனுப்புகிறேன்.

2025 செப்டம்பரில் தொடங்கிய மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க இயலாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் 2000. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மகள் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 அவள் கணக்கிலேயே விழும். கணவர் 59 வயதுக்குள் இறந்து, குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் தேசிய குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தடவையாக 20,000 ரூபாய். இதைத் துக்கம் முடிந்த கையோடு கேட்க வேண்டும். கணவரை இழந்த வீட்டில் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது, பக்கத்தில் இருப்பவர்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

இப்படிப் பணம் கொடுத்தால் வேலைக்குப் போகாமல் இருந்துவிட மாட்டார்களா?

1200ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 40 ரூபாய். நாற்பது ரூபாயை நம்பி எந்தத் தாய் கூலியை விடுவார்?

ஒரு அக்கா காலண்டர் தாளின் பின்புறம் எழுதிய கணக்கை என்னிடம் காட்டினார். மேலே வாடகை 1500. அடுத்து குழுக் கடன் தவணை. அப்புறம் சிலிண்டர், மூத்தவன் டியூஷன், சின்னவளுக்கு இழுப்பு மருந்து. கடைசியில் 'கடை' என்று எழுதி, தொகை போடாமல் கோடு மட்டும் இழுத்திருந்தார். மளிகைப் பற்று எவ்வளவு ஆகும் என்று மாதக் கடைசியில்தான் தெரியும்.

பென்ஷன் ஆணை கிடைத்த மாதத்தில் அவருக்கு என்ன மாறியது என்று கேட்டேன். "கடைக்காரர் முன்னைய மாதிரி முகத்தைத் திருப்பலை" என்றார். கூலி வரும் வராது, பீடிக் கடையில் இலை இல்லை என்று வாரம் முழுக்க வேலை நிற்கும். யாருடைய தயவும் இல்லாமல் வரும் என்று சொல்லக்கூடிய பணம் அந்த வீட்டில் இது ஒன்றுதான். அதைக் காட்டித்தான் பற்று நிற்கிறது, வட்டிக்காரர் வாசலுக்கு வருவது தள்ளிப்போகிறது.

பணம் திடீரென்று நின்றுவிட்டது. ஏன்?

முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஆதார் இணைப்பு வேறு கணக்குக்கு மாறியிருக்கலாம். கணக்கு முடங்கியிருக்கலாம். அதெல்லாம் சரி என்றால், விசாரணைக்கு வந்தபோது வீட்டில் ஆள் இல்லை என்று பெயரை எடுத்திருப்பார்கள். வேலைக்குப் போன நேரத்தில் வந்தால் வீடு பூட்டித்தான் இருக்கும். தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று கைரேகை. ஊருக்கு மெஷினோடு வரும் வங்கிப் பிரதிநிதியிடம் விரல் வைத்துத்தான் பணம் எடுக்க வேண்டும். பீடிக்காரர்களுக்கு ஆள்காட்டி விரலும் பெருவிரலும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை வைப்பார்கள். விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு மறுபடி வைப்பார்கள். எடுக்காது. "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் அவர்களுக்கு ஒரு நாள் பீடி போச்சு. மோதிர விரலையோ இடது கையையோ வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் எடுக்கும். இல்லையென்றால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துவிட்டு, வங்கிக் கிளையில் ஏ.டி.எம். கார்டு கேட்டு வாங்குங்கள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாவுக்கு?

அறுபது வயதாகும்வரை தமிழ்நாட்டில் அவருக்கென்று மாத ஓய்வூதியம் இல்லை. ஹரியானாவில் 2023ல் மனைவியை இழந்த 40 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் கொண்டுவந்தார்கள். என்னிடம் இப்படி வந்த அப்பாக்கள் மிகச் சிலர். ஒருவர் கொத்தனார், மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டுதான் காலையில் வேலைக்குக் கிளம்புவார். அவருக்கு எழுதிக்கொடுக்க என்னிடம் எந்த மனுவும் இருக்கவில்லை.

மறுமணம் செய்துகொண்டால்?

பென்ஷன் நிற்கும். அதற்காகத் திருமணத்தை மறைத்து வாழ வேண்டாம். டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமணத் திட்டத்தில் உதவி உண்டு, சமூகநலத் துறையில் கேளுங்கள்.

மனுவில் 'விதவை' என்று எழுதுவதா, 'கைம்பெண்' என்று எழுதுவதா?

இரண்டும் செல்லும். விதவை என்ற சொல்லில் பொட்டு இல்லை, கைம்பெண் என்ற சொல்லில் இரண்டு பொட்டு இருக்கிறது என்று கலைஞர் சொன்னதைப் பலர் நினைவுகூர்வார்கள். 2022ல் அமைத்த நல வாரியத்துக்கும் கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியம் என்றுதான் பெயர். எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும். விட்டுப்போனவரின் மனைவிக்கு ஊரில் இருக்கும் சொல் வாழாவெட்டி. அதற்குப் பதிலாக ஒரு நல்ல சொல் இன்னும் வரவில்லை. நான் மனுவில் 'தனியாகக் குடும்பம் நடத்திவரும்' என்று எழுதுகிறேன்.

நான் போன வாரம்தான் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்தேன். இப்போதைக்கு எனக்கு எதுவும் கிடையாதா?

பென்ஷன் கிடையாது, மற்றவை உண்டு. பிள்ளைக்கு மிஷன் வத்சல்யா மனுவை இந்த மாதமே கொடுங்கள். அவரிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125வது பிரிவு இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144வது பிரிவு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு என்று பலகை இருக்கும் அறையில் கேளுங்கள். ஜீவனாம்சத் தொகையை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லியிருக்கிறது, அதனால் தள்ளிப் போடாதீர்கள். அடி, மிரட்டல் இருந்தால் மகளிர் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள்.

அவர் திரும்பி வரலாம், நீங்களும் போகலாம். அது உங்கள் முடிவு. ஆனால் வரவில்லை என்றால் ஐந்து வருஷம் கழித்து ஒருவர் உங்களிடம் ஆதாரம் கேட்பார். அதனால் இந்த வாரமே மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார் எழுதிக்கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மூன்று ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அம்மாவிடம் கொடுங்கள்.